நிலவைச் செய்து தந்தவர்: ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி

திரைப்படம் கண்டு வீடு திரும்புவோர் நடிகரின் திறத்தைப் பேசுவர். பாட்டின் இனிமையைப் பேசுவர். வசனத்தின் மிடுக்கைப் பேசுவர். அந்நடிகரின் முகத்தில் வீழ்ந்த ஒளி எத்திசையினின்று வந்தது, அவர் பின்னே நின்ற தூணின் நிழல் ஏன் அவ்வளவு நீண்டு கிடந்தது, கதாநாயகி உடுத்த சேலை ஏன் பளீரென்ற வெண்மையாய் இராது சற்று மங்கிய வெண்மையாய் இருந்தது என்று பேசுவார் மிகச் சிலரே. ஆயினும், கொட்டகையின் இருளில் அமர்ந்திருக்கும் நம் உள்ளத்தில் அச்சத்தையும் இரக்கத்தையும் காதலையும் முதலில் எழுப்புவன இவையே. வசனம் செவிக்கு எட்டுமுன் ஒளி கண்ணுக்கு எட்டிவிடுகிறது.

தெலங்கானத் தலைநகராம் ஹைதராபாத்திலும் அதன் இரட்டை நகரான செகந்தராபாத்திலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வுண்மையை விளக்க வேறு சான்று தேட வேண்டுவதில்லை. 'மாயா பஜார்' ஒன்றே போதும். நம் வீட்டுப் பெரியோர் அதனைத் தமிழில் கண்டு மகிழ்ந்தவர். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அதனைத் தெலுங்கில் கண்டு மகிழ்பவர். தமிழில் அபிமன்யுவாகத் தோன்றியவர் ஜெமினி கணேசன். தெலுங்கில் அக்கினேனி நாகேசுவரராவ். தமிழில் வத்சலா எனப்பட்டவள் தெலுங்கில் சசிரேகா ஆனாள். லட்சுமண குமாரனாக அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. மொழி மாறிற்று, பெயர் மாறிற்று, நடிகரிற் சிலரும் மாறினர். மாறாது நின்றது ஒன்று: அப்படத்தின் ஒளி. அதனை அமைத்தவர் நம் சேலம் மாவட்டத்து ஏற்காட்டிலே பிறந்த மார்கஸ் பார்ட்லி என்பவர். அவரது வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பார்ட்லி 1917-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பிறந்தார். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். இளமையிலேயே புகைப்படக் கலையில் நாட்டம் கொண்டு, டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளேட்டின் புகைப்படக்காரராகப் பணியாற்றினார். பின்னர் பிரிட்டிஷ் மூவிடோன் என்னும் செய்திப்படக் கம்பெனிக்குக் காமிராக்காரர் ஆனார். இவ்விரு தொழில்களும் அவருக்கு எத்தகைய பயிற்சியாய் அமைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். செய்திப்படம் எடுப்பவன் கதிரவனைச் சற்று நகர்ந்து நிற்கும்படி கேட்க இயலாது. ஊர்வலம் வெயிலில் வந்தால் வெயிலிலும், மழையில் வந்தால் மழையிலும் எடுக்கவேண்டும், மறுமுறை எடுப்பதற்கில்லை. இருக்கின்ற ஒளியைக் கண்ட மாத்திரத்தில் எடைபோட்டு அறியும் கண், அத்தொழிலிலே நிலைத்தவர்க்கு வாய்த்துவிடும். ஸ்டூடியோவிலேயே பழகி வளர்ந்தவர்க்கு விளக்கின் ஒளி தெரியும். பார்ட்லிக்கோ வெயிலின் இயல்பு முன்னரே தெரிந்திருந்தது. விளக்கைக் கொண்டு வெயிலையும் நிலவையும் செய்ய வேண்டி வந்தபோது அவ்வறிவு அவருக்குக் கைகொடுத்தது என்று கொள்ளலாம்.

கதைப்படத் துறையில் அவர் பெயர் பெற்றது 1945-இல் வெளிவந்த 'சுவர்க்க சீமா'வினால். வாகினி நிறுவனத்தின் பி. என். ரெட்டி எடுத்த தெலுங்குப் படம் அது. அதில் பானுமதி அம்மையார் சுப்பி என்னும் எளிய பெண்ணாகத் தோன்றி, நாடக மேடையேறிச் சுஜாதா என்னும் புகழ்பெற்ற நடிகையாக மாறுகிறார். இல்லறத்தில் அமைதியாக வாழ்ந்த ஒருவன் அவள்பால் மயங்கிக் குடும்பத்தை மறக்கிறான். கதையின் உயிர்நிலை அந்த மாற்றமே. பெயர் மாறியதை வசனம் சொல்லிவிடும். ஆனால் ஒரு பெண் தன் பழைய தோற்றத்தைக் களைந்து வேறொருத்தியாகிவிட்டாள் என்பதை நம்பவைப்பது உடையும், அவளைச் சூழ்ந்த அறையும், அவள் முகத்தின்மீது படியும் ஒளியும் அல்லவா? இவ்வகைக் கதைகளில் ஒளிப்பதிவாளன் வெறும் தொழில் வல்லுநன் அல்லன்; கதை சொல்வோரில் ஒருவன் ஆகிறான்.

ஈண்டுக் கறுப்பு வெள்ளைப் படத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். இக்காலத்து இளைஞர் பலர் அதனை நிறம் இல்லாத படம், ஏதோ குறையுள்ள படம் என்று எண்ணுகின்றனர். அன்று பணியாற்றியோர் அவ்வாறு எண்ணவில்லை. அவர்களுக்குக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை செல்லும் எண்ணற்ற சாம்பல் படிகளே வண்ணங்களாய் இருந்தன. கண்ணுக்கு எவ்வளவோ வேறுபட்டுத் தோன்றும் சிவப்பும் பச்சையும் பிலிமில் ஒரே சாம்பலாய்க் கலந்துவிடக் கூடும். அரக்குச் சேலையும் கரும்பச்சை ரவிக்கையும் அணிந்து நிற்கும் நாயகி திரையில் ஒரே இருட்டுப் பொதியாய்த் தெரிவாள். ஆதலின் துணியை அதன் அழகு நோக்கித் தேர்ந்தெடாமல், பிலிமில் அது எந்தப் படியில் வந்து நிற்கும் என்பதை நோக்கித் தேர்ந்தெடுத்தனர். தூய வெள்ளைத் துணி விளக்கொளியில் கண்ணைப் பறித்து முகத்தை மங்கச் செய்யும்; ஆகையால் வெள்ளை உடையை வெளிர்நீலத்திலோ மஞ்சளிலோ தேநீரிலோ தோய்த்து மங்கவைப்பது ஸ்டூடியோக்களின் வழக்கம். ஏழைப் பெண்ணின் வெள்ளைச் சேலை என்று நாம் கண்டு இரங்கியது, தேநீரில் நனைந்து உலர்ந்த சேலையாக இருந்திருக்கவும் கூடும்!

ஜோடனைக்கும் இதுவே விதி. அரண்மனைத் தூண் பொன்னால் ஆனது போலத் தோன்றுவதற்குப் பொன்வர்ணம் மட்டும் போதாது. தூணின் ஒரு விளிம்பில் மட்டும் ஒளி வழுக்கிச் செல்ல, மறுபுறம் இருளில் ஆழவேண்டும். அப்போதுதான் பலகையும் சாந்தும் கொண்டு செய்த தூணுக்கு உருட்சியும் கனமும் வாய்க்கும். முகத்துக்கும் அவ்வாறே. முன்னிருந்து நேராக ஒளி பாய்ச்சினால் முகம் தட்டைப் பலகையாகிவிடும். ஒருபக்கத்திலிருந்து முதன்மை விளக்கு, மறுபக்கத்து நிழலைச் சற்றே தணிக்க மெல்லிய விளக்கு, தலைக்குப் பின்னே உயரத்திலிருந்து கூந்தலின் ஓரத்தை மின்னச்செய்யும் மூன்றாவது விளக்கு என்று அமைப்பர். கீழிருந்து ஒளி பாய்ச்சினால் நல்லவன் முகமும் பேய்முகம் ஆகும். நம் தெருக்கூத்தில் தீவட்டியைத் தாழப் பிடித்தபோது அரக்க வேடம் எவ்வளவு கொடூரமாய்த் தோன்றிற்று என்பதைக் கண்ட முதியோர்க்கு இது புதிதன்று.

1947-இல் 'யோகி வேமனா', 1949-இல் 'குணசுந்தரி கதா' என்று பார்ட்லியின் பணி தொடர்ந்தது. இரண்டும் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் உருவானவை. முன்னதில், செல்வத்திலும் சிற்றின்பத்திலும் திளைத்த ஒருவன் அனைத்தையும் துறந்து யோகியாகிறான். அணிமணிகள் ஒவ்வொன்றாக நீங்கி ஒன்றுமில்லாத நிலையை அடையும் கதை அது. அதாவது, உடையின்மையே அங்கு உடையாகிப் பொருள் தருகிறது.

பின்னர் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய விஜயா நிறுவனத்தின் படங்களுக்குப் பார்ட்லி ஒளிப்பதிவு செய்யலானார். இவ்விருவரையும் நம் இல்லங்கள் வேறொரு வகையிலும் அறியும். 1947 முதல் தமிழ்ச் சிறுவர்கள் மாதந்தோறும் காத்திருந்து படித்த 'அம்புலிமாமா'வும், அதன் உடன்பிறப்பாகிய தெலுங்குச் 'சந்தமாமா'வும் இவர்கள் நடத்தியவையே. நிலவின் பெயரால் இதழ் நடத்தியவர்களின் படங்களிலும் நிலவு ஓயாது காய்ந்தது என்பது சுவையான பொருத்தம். அந்நிலவை அவர்களுக்குச் செய்து கொடுத்தவர் பார்ட்லி.

1951-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த 'பாதாள பைரவி'யில் மாதவபெத்தி கோகலேயும் கலாதரும் கலை இயக்குநர்கள். எஸ். வி. ரங்காராவின் மந்திரவாதி வேடத்தை ஒருமுறை கண்டவர் மறவார். தாடியும் அங்கியும் ஒருபுறம் அச்சமூட்ட, பாதாளக் குகையின் இருளும் அதில் ஆங்காங்கே தேங்கிய ஒளியும் மறுபுறம் அச்சமூட்டின. 1952-இல் நடந்த முதல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இப்படம் காட்டப்பெற்றது.

1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா' வேறு வகை. மாயமும் மந்திரமும் இல்லாத குடும்பக்கதை. ஆயினும் உடை பொருள் பேசுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடுதல் அரிது. வேலையின்றித் தவிக்கும் இருவர், கணவன் மனைவியென நடித்து, ஒரு ஜமீன்தாரின் பள்ளியில் ஆசிரியர் பணி பெறுகின்றனர். ஆடவன் இந்து, பெண்ணோ கிறித்தவளான மேரி. அவள் இந்து இல்லத்தரசி போலத் தோன்றவேண்டும். ஆக, சாவித்திரி அம்மையார் அணிந்த ஒவ்வோர் அணியும் ஒரு பொய்யைச் சொல்லிற்று. கதை முடிவில் அவளே அந்த ஜமீன்தாரின் காணாமற்போன மகள் மகாலட்சுமி என்று தெரியவரும்போது, பொய்வேடம் என்று எண்ணியது பிறப்புரிமையான கோலமாகிவிடுகிறது! இதே படத்தின் நிலவொளிப் பாட்டுக் காட்சிகளில், பகலெல்லாம் சண்டையிட்டுக் கொள்ளும் அவ்விருவர் உள்ளமும் நெருங்குவதை வசனம் சொல்லாமல் ஒளி சொல்லிவிடுகிறது. பகற்காட்சிகளில் அறையெங்கும் சமமாய்ப் பரவியிருந்த ஒளி, இரவுக் காட்சிகளில் முகங்களைமட்டும் தேடித் தொடுகிறது.

இனி 'மாயா பஜார்'. 1957 மார்ச் 27-இல் தெலுங்கிலும், ஏப்ரல் 12-இல் தமிழிலும் வெளிவந்தது. இயக்கியவர் கே. வி. ரெட்டி. கதை நாடக மேடையில் வெகுகாலம் பழகியது. தமிழில் வத்சலா கல்யாணம் என்று ஆடப்பட்டது. ஆந்திர நாட்டுச் சுரபி நாடகக் குடும்பத்தினர் வர்ணத் திரைகளும் தந்திரக் கருவிகளும் கொண்டு மாயா பஜாரை மேடையில் நிகழ்த்துவதை ஹைதராபாத்து அன்பர்கள் பலர் நேரிற் கண்டிருப்பர். அம்மேடையில் துவாரகை என்றால் தீட்டப்பெற்ற ஒரு திரை. திரைப்படக்காரர் அதனை நம்பத்தக்க நகரமாக்க வேண்டியிருந்தது.

அதற்காகக் கோகலேயும் கலாதரும் ஐம்பதடிக்கு அறுபதடி அளவில் முந்நூறு சிறு வீடுகள் கொண்ட குறுநகரம் ஒன்றை எழுப்பினர். பார்ட்லி ஒன்று வற்புறுத்தினார்: அச்சிறு வீடுகளில் மின்விளக்கு எரிய வேண்டும். காரணம் எளிது. வெளியிலிருந்து ஒளி பாய்ச்சினால் அது பொம்மை நகரம். உள்ளிருந்து ஒளி கசிந்தால் அது மனிதர் வாழும் நகரம். ஒரு சாளரத்தில் விளக்கு எரிகிறது என்றால் அதனுள்ளே யாரோ விழித்திருக்கிறார் என்று நம் மனம் தானே முடிவு செய்துகொள்கிறது. துவாரகையின் செழிப்பைச் சொல்ல நூறு வரி வசனம் எழுதியிருக்கலாம். முந்நூறு வீட்டு விளக்குகள் அதனை ஒரு நொடியில் சொல்லிவிட்டன.

கண்ணன் வேடத்தின் கதையும் குறிப்பிடத் தக்கது. என். டி. ராமராவ் அதற்கு முந்திய ஆண்டில் ஒரு படத்தில் கண்ணனாகச் சிறிது நேரம் தோன்றியிருந்தார்; அது மக்கள் மனத்தைக் கவரவில்லை. ஆகையால் 'மாயா பஜாரி'ல் கண்ணனாக நடிக்க அவர் தயங்கினார். கே. வி. ரெட்டி விடவில்லை. உடையிலும் உடலின் அசைவிலும் தனிக் கவனம் செலுத்தி அவ்வேடத்தை அமைத்தனர். விளைவை நாடறியும். அதன்பின் பல்லாண்டுக் காலம் தெலுங்கு மக்களுக்குக் கண்ணன் என்றால் அம்முகம்தான். அதே நடிகர், அதே தெய்வம். முதலில் மறுத்த மக்கள் பின்னர்க் கைகூப்பினர் என்றால், இடையிலே மாறியது எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான இன்னொரு விந்தையும் அப்படத்தில் உண்டு. கடோற்கசன் தன் மாயத்தால் சசிரேகாவின் வடிவெடுத்து லட்சுமண குமாரனை மணக்க வருகிறான். அந்த மாய சசிரேகாவாக நடித்தவரும் சாவித்திரியே. உடையும் அணியும் முகமும் மாறவில்லை. நடையும் நிலையும் பார்வையும் மட்டும் அரக்கனுடையவை. மென்மையான பட்டுக்குள்ளிருந்து ஒரு முரட்டு ஆடவன் எட்டிப் பார்ப்பதைக் கண்டு கொட்டகை முழுதும் சிரித்தது. உடை ஒன்று சொல்ல, அதனுள்ளிருக்கும் உடல் வேறொன்று சொன்னால் அங்கே நகைச்சுவை பிறக்கிறது. பிரியதரிசினி என்னும் மாயப்பேழையையும் மறத்தலாகாது. அதனைத் திறந்தவர்க்கு அவர் மனம் எதில் ஈடுபட்டுள்ளதோ அது தெரியும். சசிரேகாவுக்கு அபிமன்யு தெரிகிறான், கண்ணபிரானுக்கோ சகுனி தெரிகிறான்! இருட்டில் ஒளிரும் ஒரு சதுரத்தில் நம் ஆசைகளைக் காணும் அப்பேழை, திரைப்படத்துக்கே ஓர் உவமை போல எனக்குத் தோன்றுவதுண்டு.

இவை யாவற்றினும் மேலாகப் பேசப்படுவது அப்படத்தின் ஓடக்காட்சி. சசிரேகா என்னும் பெயருக்கே நிலவின் கீற்று என்பது பொருள். அவளும் அபிமன்யுவும் நிலவில் ஓடமேறிச் செல்கின்றனர். அடுத்துக் கண்ணனும் ருக்மிணியும், பின்னர்ப் பலராமனும் ரேவதியும் அதே நிலவில் அவ்வாறே செல்கின்றனர். இளமையின் காதல், நடுவயதின் காதல், மூத்தோர் காதல் மூன்றும் ஒரே ஒளியில் நனைகின்றன.

அந்நிலவு மெய்யான நிலவன்று. அக்காலத்துப் பிலிமுக்கு மெய்நிலவின் ஒளி போதாது. வெறும் இருளே பதியும். ஆதலின் பகலிலே எடுத்து இரவாக்க வேண்டும். எவ்வாறு? கதிரவன் ஓடத்துக்கு அப்பால், காமிராவை நோக்கி நிற்கவேண்டும். அப்போது நீரின் ஒவ்வோர் அலையும் வெள்ளித் தகடாய் மின்னும், உருவங்களின் ஓரம் மட்டும் ஒளிரும், மற்றவை இருளும். காமிராவின் முன்னே சிவப்புக் கண்ணாடி இட்டால் நீலவானம் கருத்துப் போகும். ஒளியைக் குறைவாக உள்ளே விட்டால் பகல் இரவாய் மயங்கும். ஆனால் வானிலை ஒத்துழைக்கவில்லை. ஆகவே பார்ட்லி வெளிப்புறக் காட்சியை ஒருசேர எடுக்காது, பத்து விநாடி, பதினைந்து விநாடி என்று சிறுசிறு துண்டுகளாக எடுத்தார். செய்திப்படக்காரனின் பழைய பொறுமையும் விரைவும் அங்கே உதவியிருக்கும்.

இதனினும் கடினமான வேலை ஒன்று பின்னே காத்திருந்தது. வெளியில் எடுத்தவற்றோடு ஸ்டூடியோவில் எடுத்தவை ஒட்டவேண்டும். வெளிப்புறத்தில் ஒளி இடப்புறத்துப் பின்னிருந்து வந்திருந்தால் ஸ்டூடியோவிலும் அங்கிருந்தே வரவேண்டும். அங்கே எவ்வளவு கூர்மையோ இங்கும் அவ்வளவு கூர்மை. ஆயினும் முகத்தை முற்றும் இருட்டாக விட்டால் நாயகியின் கண் பேசாது; மிகுதியாக ஒளியூட்டினால் நிலவு கலைந்து ஸ்டூடியோ விளக்கு தெரிந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள மயிரிழையில் பார்ட்லி நடந்தார். துண்டு துண்டாக எடுத்தவை என்பதோ, பகலில் எடுத்தவை என்பதோ கொட்டகையில் இருந்த எவருக்கும் தோன்றவில்லை. இந்தியத் திரையில் இத்தகைய நிலவொளி இதற்கு முன் தோன்றியதில்லை என்று திரைப்பட வரலாற்றாசிரியர் கூறுவர்.

இங்கே நம்மவர்க்கு உரிய செய்தி ஒன்று உண்டு. இருமொழிப் படங்கள் எடுத்த அந்நாளில், ஒரே ஜோடனையில் ஒரு மொழிக் காட்சியை முடித்துவிட்டு மறுமொழிக் காட்சியை எடுப்பது வழக்கம். நடிகர் மாறுவர், வசனம் மாறும். விளக்குகள் இருந்த இடத்திலேயே இருக்கும். தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் காதலை விளக்க இரண்டு நிலவு வேண்டியிருக்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டாத பகுதி ஒன்று அப்படத்தில் இருந்தது. அதுவே பார்ட்லியின் பகுதி.

1956-லேயே தமிழில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழு வர்ணப்படமாக வந்துவிட்டது. காலம் வர்ணத்தை நோக்கி விரைந்தது. பார்ட்லியும் உடன் சென்றார். தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலைத் தழுவி ராமு காரியாட் இயக்கிய மலையாளப் படம் 'செம்மீன்' 1965-இல் வெளிவந்தது. பார்ட்லியும் யு. ராஜகோபாலும் ஒளிப்பதிவு. தென்னாட்டுப் படங்களில் ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்றது அதுவே. அங்கே குறுநகரமும் இல்லை, கிரீடமும் இல்லை. கடலும் மணலும் மீனவரின் எளிய உடையுமே ஜோடனை. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலிற் சென்ற கணவனைக் காக்கும் என்று நம்பும் மக்களின் கதை அது. ஆதலின் கடல் அங்கே வெறும் பின்னணியாய் இராது தீர்ப்பு வழங்கும் தெய்வமாய் நிற்கிறது. கடலின் நிறம் மாறுந்தோறும் நம் நெஞ்சம் அஞ்சுகிறது. பரீக்குட்டி கறுத்தம்மாவை எண்ணி இரவில் கடற்கரையில் பாடுகிறான். அங்கும் நிலவு உண்டு. ஆனால் 'மாயா பஜாரி'ன் நிலவு கூட்டிவைத்த நிலவு. இது பிரித்துவைத்து வருத்தும் நிலவு.

1967-இல் திலீப்குமார் இரட்டை வேடம் பூண்ட 'ராம் அவுர் ஷ்யாம்' என்னும் இந்திப் படத்துக்கும் அவரே ஒளிப்பதிவு செய்தார். 1969-இல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த 'சாந்தி நிலையம்' என்னும் தமிழ்ப் படத்துக்காக, வர்ணப்பட ஒளிப்பதிவுக்குரிய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அதன்பின் அவர் பெயர் மெல்ல மெல்லப் பொதுமக்கள் நினைவினின்று மறைந்தது. நடிகரின் முகம் சுவரொட்டியில் வாழும். அம்முகத்துக்கு ஒளி தந்தவனின் பெயர் படத்தின் தொடக்கத்தில் சில விநாடிகள் தோன்றி மறையும். 1993-ஆம் ஆண்டு மார்ச் 19-இல் பார்ட்லி காலமானார். அந்த நிலவெல்லாம் பிறந்த வடபழனி விஜயா வாகினி ஸ்டூடியோவின் இடத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் எழுந்துவிட்டன. தெலுங்குப் படத்தொழிலோ சென்னையை விட்டு நம் ஹைதராபாத்துக்கே வந்து சேர்ந்தது.

அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் சென்றபின், இந்நகரத்திலேயே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ்டோன் நிறுவனத்தார் தெலுங்கு 'மாயா பஜாரு'க்குக் கணிப்பொறியின் துணையால் வர்ணம் ஊட்டி, 2010 ஜனவரி 30-இல் வெளியிட்டனர். தேய்ந்துபோன பிலிமிலிருந்து படத்தை மீட்டுத் தூய்மை செய்த அவர்களது உழைப்பு போற்றத்தக்கது. கறுப்பு வெள்ளை என்றால் ஓடி ஒளியும் பிள்ளைகள் அதனால் கொட்டகைக்கு வந்தனர் என்பதும் மெய். நம் இல்லங்களில் வளரும் தலைமுறை பெரும்பாலும் அந்த வர்ணப் படத்தையே அறியும்.

ஆயினும் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. அப்படத்தின் துணிகள் வர்ணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. சாம்பற் படிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கண்ணனின் பட்டாடை திரையில் பெற்ற சாம்பலிலிருந்து அதன் மெய்யான நிறத்தை அறிய வழியில்லை. பின்வந்தோர் ஊகித்தே தீட்டவேண்டும். 1957-இல் கொட்டகையில் அமர்ந்திருந்த நம் பாட்டிமார் சசிரேகாவின் சேலைக்குத் தத்தம் மனத்திலேயே நிறம் கொடுத்துக் கொண்டனர். ஒருத்திக்கு அது மாம்பழ மஞ்சள். இன்னொருத்திக்குத் தன் கூறைப் புடவையின் அரக்கு. அவ்வுரிமை வர்ணப் படத்தைக் காணும் பேத்திக்கு இல்லை. ஓடக்காட்சியிலோ இழப்பு இன்னும் பெரிது. நிலவொளியில் மனிதக் கண்ணுக்கு நிறங்கள் தெரிவதில்லை. வெளிச்சமும் இருளுமே தெரியும். பார்ட்லியின் கறுப்பு வெள்ளை நிலவு, அவ்வகையில் கண் காணும் நிலவுக்கு மிக அண்மையது. அதில் நீலமும் மஞ்சளும் தீட்டியபோது, அவர் பாடுபட்டு இரவாக்கிய பகல் மீண்டும் சற்றே எட்டிப் பார்க்கிறது.

பழைய கறுப்பு வெள்ளைப் பிரதியும் நல்ல வேளையாக இன்றும் காணக் கிடைக்கிறது. கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, ஓடக்காட்சியை முதலில் வர்ணத்திலும், உடனே கறுப்பு வெள்ளையிலும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். தமிழிலோ தெலுங்கிலோ, எம்மொழியில் என்பது பற்றிக் கவலையில்லை. துடுப்பு நீரைத் தொடும் இடத்தில் வெள்ளி உடைந்து மீண்டும் கூடுவதையும், சாவித்திரியின் கன்னத்து ஓரத்தில் மட்டும் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று உடன் செல்வதையும் அவர்கள் கவனிக்கிறார்களா என்று பார்க்கலாம்.